பல்லாரி விற்ற குரல்

ஜூலை 2, புதன்

இந்த டைரி சந்தையில் கமிஷன் கடைக்காரர் தை மாதம் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் மாசானமுத்து, வெங்காய வியாபாரம், கடையம் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் ஒரு வரியும் இல்லை. மனசில் இருக்கிறதை எழுதினால் தலைவலி குறையும் என்று மகள் சுகிர்தா சொன்னாள். தலைவலியைக் கொடுத்தவளே அவள்தான். நான் எட்டாவது படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் திருத்தப் போகிறார்கள்.

அவர் போய் இன்றோடு எண்பது நாள்.

எங்களுக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி. தெருத்தெருவாகப் போய் விற்போம். வண்டியின் மேல் குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல் ஓடும். அவர் சாவதற்கு முந்தின நாள் என் போனில் பிடித்த குரல் அது. போன மாதம் சுகிர்தா, அப்பா நினைவாக என்று வண்டிப் படத்தை வைத்து அந்தக் குரலை ரீல்ஸில் போட்டாள். நல்ல எண்ணம்தான். யாரோ ஒருவன் குரலை மட்டும் உருவி, ஒரு எருமை பேசுகிற மாதிரி போட்டுவிட்டான். அவ்வளவுதான். இப்போது புது மாப்பிள்ளை பேசுகிறான், போலீஸ் வேஷம் போட்டவன் பேசுகிறான், பூனை பேசுகிறது.

"பல்லாயீ வந்துயிக்கும்மா... வாயுங்கம்மா வாயுங்க..."

என் வீட்டுக்காரர் சொன்னதுதான். அப்படியேதான் சொன்னார்.

ஜூலை 5, சனி

இரண்டு மூட்டையில் பாதி அழுகல். பொறுக்கி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அது கூடப் பரவாயில்லை, காதுதான் வலிக்கிறது.

ஊர் முழுக்க இந்தப் பேச்சுதான். காலையில் பஸ்ஸில் கண்டக்டர், "டிக்கெட் எடுக்காத ஆளு இயிக்கா?" என்கிறான். பஸ்ஸே சிரிக்கிறது. ரேஷன் கடையில் சீனி வந்ததா என்று கேட்டால், "சீனி வயலக்கா" என்கிறாள் எடை போடுகிற பெண். எம்.ஏ. படித்தவள். அவள் வாயில் ர இல்லையா? இருக்கிறது. எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள் எல்லோரும்.

பால்வாடி டீச்சர் வழியில் நிறுத்திச் சண்டைக்கு வந்தாள்.

"எக்கா, பிள்ளையளுக்கு இப்பத்தான் நாக்கு திரும்புத வயசு. ஒரு சிட்டு கூட மரம்னு சொல்ல மாட்டேங்குது. மயம், மயம்னு கத்துது. நான் என்ன செய்ய?"

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுத?"

"உங்க வீட்டுலேருந்துதான கெளம்புச்சு."

சரி, நாளைக்குப் போய் ஒவ்வொரு பிள்ளை நாக்காக இழுத்து வைத்துத் திருத்திவிட்டு வருகிறேன் என்றேன். அவளும் சிரித்துவிட்டு, போகும்போது, "வாயேங்கா" என்றாள். தன்னை அறியாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதுதான் எனக்குப் பயம். கேலிக்குச் சொன்னது போக, இப்போது பழக்கத்தில் வருகிறது.

ஜூலை 9, புதன்

சுகிர்தாவோடு சண்டை. அதை அழித்துவிடு என்றேன்.

"எம்மா, நான் அழிச்சா மட்டும் போயிருமா? லட்சக்கணக்குல ஆளுக எடுத்து வச்சிருக்காக."

"உன்னோடதை முதல்ல அழி."

"மாட்டேன். அப்பா செத்தப்போ வாசல்ல அறுபது பேரு கூட இல்ல. இப்போ மலேசியால ஒருத்தி அப்பா மாதிரி பேசுதா. அது உனக்குப் பெருமையா இல்லையா?"

"செத்த மனுசன் நாக்கை வச்சு நாடகம் ஆடுதானுவ, பெருமையாம் பெருமை."

"அப்பாவே இருந்தா சிரிச்சிருப்பாவ. உனக்குத்தான் எதைக் கண்டாலும் எரிச்சல். அவிய இருக்கும்போதும் இப்படித்தான் இருந்த."

தோசைக்கு அரைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 14, திங்கள்

இரண்டு காதிலும் பஞ்சு. பொட்டல்புதூர், ரவணசமுத்திரம். நல்ல விற்பனை.

ஜூலை 20, ஞாயிறு

வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது. அவர் போனபிறகு சங்கரபாண்டிதான் ஓட்டுகிறான். அடுத்த தெரு. அவரோடு சின்ன வயதிலிருந்து பழக்கம், என்னை மதினி என்பான். நல்ல மனுஷன், வாய்தான் ஆகாது. அவரைப் போலப் பேசுகிறவர்களில் ஊரிலேயே இவன்தான் கெட்டிக்காரன். ஸ்பீக்கர் நின்றால் இவன் ஆரம்பித்துவிடுவான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நான் முறைக்கிறேனா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

இன்று ஸ்பீக்கரை அடைத்துவிட்டு வாயாலேயே கூப்பிடு என்றேன். இரண்டு தெரு போனோம். ஒருத்தி வெளியே வரவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு அம்மா மாடியிலிருந்து, "பல்லாயி வண்டி இல்லியா இது?" என்று கேட்டாள். பாண்டி என்னைப் பார்த்தான்.

"மதினி, அண்ணாச்சி பேசட்டும். அவிய பேசுனாத்தான் சனம் வருது."

திரும்பப் போடச் சொன்னேன். சனம் வந்தது. நான் பஞ்சை அழுத்திக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

சுகிர்தாவோடு படிக்கிற பெண்ணின் சித்தி மகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறாளாம். வண்டியோடு படம் எடுக்க வேண்டும் என்று மூன்று பேர் வந்தார்கள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பெண் நல்ல மாதிரி, உட்கார்ந்து இரண்டு பூண்டு உரித்தாள்.

"ஆன்ட்டி, பல்லாரின்னா என்ன?"

"பெரிய வெங்காயம்."

"ஐயோ, நான் ஏதோ சாமி பேருன்னு நெனச்சேன். காலேஜ்ல எல்லாரும் இப்படித்தான் பேசறோம். ஹாஸ்டல் வார்டனே பேசறாங்க. அங்கிள் எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா?"

"ஆமா" என்றேன்.

சுகிர்தா சட்டென்று என்னைப் பார்த்தாள். வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

ஏன் ஆமா என்று சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் குரல் அப்படி இல்லை. முந்தின குரல் இருந்த மெமரி சிப்பு கெட்டுப் போகும் வரை எட்டு வருஷம் ஊரே கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கல்லில் தேங்காய் உடைத்த மாதிரி விழும். மேலத்தெருவில் வண்டி நின்றால் கீழத்தெருவில் பெண்கள் பையை எடுப்பார்கள். புதுக் குரலைக் கேட்ட பழைய ஆட்கள் யாரும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. இறந்து போனவர் குரல், எப்படி இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள் போல.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோவிலில் கூழ் ஊற்றினார்கள். மைக்கில் ஒருவன், "வயிசையில வாயுங்க" என்றான். அம்மன் முன்னாலேயே. தூக்குச்சட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். கூழ் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். வராந்தாவில் உட்கார இடம் கிடைத்திருக்கிறது. பாண்டி மனைவி கோமு உள்ளே துணைக்கு இருக்கிறாள்.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பொட்டல்புதூரில் இரண்டாவது தெரு. மணி எட்டு பத்து இருக்கும். பெண்கள் ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பாண்டி இறங்கி வந்து, "மதினி, தயாசை எடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முந்தின நாளிலிருந்தே பல்வலி.

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா? சவம், ஒழுங்காப் பேசித் தொலை" என்றேன்.

"தயாசு... மதினி..." என்றான் திரும்ப.

"அண்ணன் இன்னிக்கு அப்படியே அச்சு அசலா பேசுதாவ" என்றாள் ஒருத்தி. இன்னொரு பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்தது. நான் தராசை எடுத்து டம்மென்று அவன் முன்னால் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவன் என் பக்கம் ஓரக்கண்ணால் பார்க்கவே இல்லை. பேசிவிட்டு யார் சிரிக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவனுக்கே தெரியாத மாதிரி நின்றான். வெங்காயம் அள்ளப் போன வலது கை தட்டை நழுவவிட்டது. அதற்கும் சிரிப்பு.

"பாண்டி, ரெண்டு கையையும் தூக்கு" என்றேன்.

இடது கை மேலே போனது. வலது கை இடுப்போடு நின்றது. அவன் அதைப் பார்த்தான், யாரோ பக்கத்து ஆள் கையைப் பார்ப்பதுபோல.

"நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்கட்டி!" என்று கத்தினேன். ஒருத்தியும் அசையவில்லை. நானும் சேர்ந்து நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். போன் வைத்திருந்த பிள்ளை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தது.

"ஆன்ட்டி செமையா பண்ணுதிய, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

வாழ்நாளில் ஊரான் வீட்டுப் பிள்ளையை நான் அடித்ததில்லை. நேற்று அடித்தேன். போன் சாக்கடை ஓரம் போய் விழுந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

வண்டி நின்ற இடத்துக்கு எதிர் வீட்டு ஷேக் பாய்க்கு ஆட்டோ உண்டு. கைலியோடு ஓடிவந்தார். மூன்று பேராகத் தூக்கி வைத்தோம். வழியெல்லாம் பாண்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். கோமுவிடம் சொல்ல வேண்டியது என்று மட்டும் புரிந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, புரியுது புரியுது என்றேன். ஒன்றும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர், சின்ன வயது. முதல் கேள்வியே, "எத்தனை மணிக்குப் பேச்சு குழற ஆரம்பிச்சது?"

"எட்டு பத்துக்கு. அதுக்கு முன்னால டீக்கடையில நல்லாப் பேசினான்" என்றேன்.

"நல்லாத் தெரியுமா? அதை வச்சுத்தான் ஊசி போடணும். தப்பாச் சொல்லிடாதீங்க."

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றேன்.

ஊசி போட்டார்கள். இன்று காலை விரல் அசைகிறது. நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அந்த டாக்டர் போகிற வழியில் என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

குழாயடியில் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோமு கேட்டுவிட்டாள். கேட்பாள் என்று தெரியும்.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டாக வைத்துக்கொண்டிருந்தோம். "எக்கா, ஊரே கேலிக்குத்தான் பேசுதாருன்னு நெனச்சிருக்கு. நானே வீட்டுல இருந்திருந்தா வெளக்கமாத்தைத்தான் எடுத்திருப்பேன். உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுது?"

நான் இட்லியைப் பிட்டேன். வாயில் வைக்கவில்லை.

"ஒங்க அண்ணாச்சிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றேன்.

"எந்த நேரத்துல? அவியதான் காலைல எந்திரிக்கும்போதே விழுந்துட்டாவன்னு சொன்னிய?"

ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு அவரைப் பார்த்த டாக்டரிடமும். முந்தின நாள் பேச்சு ஏதாவது குழறியதா என்று அந்த டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் சாஸ்தா கோவிலுக்குப் போய் வந்தோம். மறுநாள் காலை, சிப்பு கெட்டுவிட்டது, புதுசாகப் பேசிப் போட்டுவிடலாம் என்று அவர் வாசலில் நின்று பேசினார். நான் போனைப் பிடித்தேன். பல்லாயி என்றார். காப்பி சட்டையில் வழிந்திருந்தது, அதையும் துடைக்கவில்லை. கோவிலில் கூட்டாளிகளோடு சேர்ந்து குடித்துவிட்டார் என்று நினைத்தேன். கார்த்திகை மாலை போட்டதிலிருந்து அவர் தொடவில்லை. ஆனாலும் நினைத்தேன். பதினெட்டு வருஷம் குடித்துக் குழறிப் பார்த்த வாய் அது. திட்டித் திட்டி மறுபடி பேச வைத்தேன். நாலு தடவை. நாலாவது தடவை, சவம் இது போதும் என்று அதையே புதுச் சிப்பில் ஏற்றினேன்.

இதைக் கோமுவிடம் சொன்னேன். இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த இட்லியை வாங்கித் துணியில் வைத்துவிட்டு, பாண்டி விழித்திருக்கிறானா என்று பார்க்க உள்ளே போனாள். வெறுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவிய உங்களைத் தேடுதாவ, வாங்க" என்றாள்.

பாண்டி வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "மதினி" என்று நன்றாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் சுகிர்தாவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். கோமு வாயிலிருந்து அவளுக்குப் போகக் கூடாது. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா அன்னைக்குப் பேசுனப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"போன்ல முழுசும் இருந்துச்சு. நாலு தடவையும். நீ அணைக்கவே இல்ல. காலைலேயே ஊத்திட்டு வந்துட்டியளான்னு நீ கேக்குத. சத்தியமா தொடலட்டின்னு அப்பா சொல்லுதாவ. நான் அதையெல்லாம் வெட்டிட்டுத்தான் கடைசியா உள்ளதை மட்டும் போட்டேன்."

எப்போது கேட்டாய் என்றேன். பதினாறாம் நாள் என்றாள்.

பதினாறாம் நாளிலிருந்து இவ்வளவு நாள் இவள் என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். அழி அழி என்று நான் கத்தியபோதெல்லாம் ஏன் கத்துகிறேன் என்று தெரிந்து நின்றிருக்கிறாள். அவள் சொன்ன ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறைத்தது அன்று, அவிய இருக்கும்போதும் இப்படித்தான் இருந்த என்று. அதை வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறாள்.

"என்மேல கோவமா?"

"ஆமா" என்றாள். பாவாடையை மடித்துத் தட்டினாள். "நீயா சொல்லணும்னு இருந்தேன். நீ சொல்லவே இல்ல. அப்புறம் எனக்கும் கேக்கப் பயமாயிருச்சு. உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

மடித்த துணியையே திரும்ப எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கட்டும் என்று விட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முழுசையும் போடு என்றேன். என் குரலோடு.

"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? உன்னைக் கிழிச்சுத் தொங்க விடுவானுவ."

"பால்வாடிப் பிள்ளையிலேருந்து கண்டக்டர் வரைக்கும் இந்தப் பேச்சைப் பேசுதாவ. நாளைக்கு ஒருத்தனுக்கு நெசமாவே நாக்கு இழுத்தா, எவ கண்டுபிடிப்பா? சிரிச்சிக்கிட்டே நிப்பாளுவ. பொட்டல்புதூர்ல நின்னாளுவளே. அழிக்க முடியாதுன்னு நீதான சொன்ன. அப்ப முழுசாத் தெரியட்டும்."

அவள் போனை எடுத்தாள். ஒரு தடவை போட்டுக் காட்டினாள். நான் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். என் குரல்தான் முதலில் வருகிறது. இவ்வளவு சத்தமாகவா பேசினேன் என்று கேட்டேன்.

"எப்பவும் இவ்வளவுதான்" என்றாள்.

அவர் சத்தியமா என்று சொல்கிற இடம் ரொம்பச் சின்னது. ஒரு மூச்சு. அதற்குள் நான் அடுத்த பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன்.

போடு என்றேன். இது சாராயம் இல்லை, இது நோய், சிரிக்காமல் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், மணியைப் பாருங்கள், வண்டியைப் பிடியுங்கள் என்று கீழே எழுதச் சொன்னேன். எழுதினாள். போட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாண்டியை நாளை வீட்டுக்கு விடுகிறார்கள். ஷேக் பாயின் மைத்துனர் இரண்டு மாதம் வண்டி ஓட்டுகிறேன் என்றிருக்கிறார். அழுகல் இன்று குறைவு.

சுகிர்தா சொன்ன மாதிரியே கிழிக்கிறார்கள். புருஷனைக் கொன்றவள் என்று ஒருவன். நடிப்பு என்று ஒருவன். இன்னும் பல்லாயி என்றே எழுதிச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை எதுவும் திருத்தாது. சுகிர்தா முதலில் ஒவ்வொருவனோடும் சண்டை போட்டாள். விடு, கையாவது வலிக்காமல் இருக்கட்டும் என்றேன்.

மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, "எம்மா, இதைக் கேளு" என்றாள். ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்து வாய் குழறினாராம். குடிக்கிறவர் இல்லையாம். விளையாட்டு போதும், எழுந்து வாங்க என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாளாம். நாலு மாதம் ஆகிறதாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஊரு போடல. என்னம்மா பதில் போட?"

சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். சுகிர்தா போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சாப்பிட்டாளான்னு கேளு" என்றேன்.